ஒரு பந்து, மூன்று ஆட்டங்கள்: தோட்டத் திடலில் காற்பந்து நிலைத்த வரலாறு



"பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுறான். தலையில கவசம், தோள்ல தலையணை மாதிரி என்னமோ. காலால உதைக்கிறதே அபூர்வம். இதுக்குப் போய் ஃபுட்பால்னு பேரு வச்சிருக்கானுங்களே?" மாமாக் கடைப் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பக்கத்து மேசையில் இருப்பவர், "அட, ரக்பியும் அப்படித்தானே, அதுக்காவது கவசம் இல்ல, உண்மையான ஆம்பளை ஆட்டம்" என்பார். மூன்றாமவர், "ரெண்டுமே வேணாம்யா, நம்ம காற்பந்து போதும்" என்று பேச்சை முடித்து வைப்பார்.

கடைப்பேச்சு என்று இதை விட்டுவிட வேண்டாம். இதற்குள் நல்ல வரலாற்றுக் கேள்விகள் இரண்டு இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் பிறந்த ஆட்டங்கள் எப்படி மூன்றாகப் பிரிந்தன? அந்த மூன்றில் ஒன்று மட்டும் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தோட்டத் தமிழரின் ஆட்டமாக ஏன் ஆனது? இரண்டாம் கேள்விக்கான விடை நம் தாத்தாக்களின் வேலை நேரத்திலும், சம்பளத்திலும், அவர்கள் குடியிருந்த லயத்துக்கு முன்னால் கிடந்த நிலத்திலும் இருக்கிறது.

1. பெயர்ச் சண்டை எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவோம். 'சாக்கர்' என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது இங்கிலாந்துச் சொல். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே 'அசோசியேஷன் ஃபுட்பால்', 'ரக்பி ஃபுட்பால்' என்று இரண்டு வகை இருந்தன. சொற்களைச் சுருக்கி 'அர்' சேர்த்துப் பேசுவது ஆக்ஸ்ஃபர்ட் மாணவர்களின் வழக்கம். அப்படி ரக்பி 'ரக்கர்' ஆனது. அசோசியேஷன் என்பதன் நடுவிலிருந்து 'சாக்கர்' பிறந்தது. இங்கிலாந்துக்காரர்களே 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் இந்தச் சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்தினார்கள்.

ஆக, 'ஃபுட்பால்' என்பது தொடக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். எந்த நாட்டில் எந்தப் பிள்ளை செல்வாக்குப் பெற்றதோ, அந்தப் பிள்ளை குடும்பப் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் இன்னொன்று, நம் நாட்டில் வேறொன்று. "அவன் திருடிட்டான்" என்று சொல்ல இடமில்லை.

2. பிரிவினை: 1863 முதல் 1906 வரை

இங்கிலாந்தின் உயர்தட்டுப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விதி வைத்து ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் பிறகு ஒன்றாகச் சேர்ந்து ஆடும்போது சண்டை வந்தது. பந்தைக் கையில் எடுத்து ஓடலாமா? எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்றே உதைக்கலாமா? 1863 அக்டோபர் 26-ஆம் நாள் லண்டன் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் கூடிய மன்றங்கள் காற்பந்துச் சங்கத்தை அமைத்தன. தொடர்ந்து நடந்த கூட்டங்களில் கையில் எடுத்து ஓடுவதும் காலில் உதைப்பதும் விதியிலிருந்து நீக்கப்பட்டன. பிளாக்ஹீத் மன்றம் இதை ஏற்காமல் வெளியேறியது.

வெளியேறியவர்களின் வழியில் வந்தவர்கள் 1871-இல் ரக்பி ஒன்றியத்தை அமைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: எந்த உதைக்காகச் சங்கத்தை விட்டுப் போனார்களோ, அந்த உதையை ரக்பி ஒன்றியமும் அதே ஆண்டு தன் விதியில் தடை செய்தது. 1895-இல் ரக்பியும் உடைந்தது. வட இங்கிலாந்துச் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டக் கூடாது என்று ஒன்றியம் பிடிவாதம் பிடித்தது. 22 வடக்கு மன்றங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனி அமைப்பை உண்டாக்கின. அதுதான் 13 பேர் ஆடும் ரக்பி லீக். மாணவர்களே, இந்தக் 'கூலி' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; தோட்டத்துக்கு வரும்போது அது மறுபடி வரும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது? 1869 நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றது. அணிக்கு 25 பேர். கையில் தூக்கி ஓடக் கூடாது. அதாவது, அமெரிக்கக் காற்பந்தின் 'முதல் ஆட்டம்' என்று அவர்கள் கொண்டாடுவது பார்ப்பதற்கு நம் காற்பந்துக்கு நெருக்கமானது. திருப்பம் 1874-இல் வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ரக்பி விதியில் ஆடியது. ஹார்வர்டுக்கு அது பிடித்துப்போனது. ஹார்வர்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றக் கல்லூரிகள் என்ன செய்யும்? அவையும் சாய்ந்தன.

அதன் பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேம்ப் ரக்பியை மாற்றி அமைத்தார். 1880-இல் அணிக்கு 11 பேர் என்றும், இரு அணியும் ஒரு கோட்டின் இரு பக்கம் நிற்க, பந்து வைத்திருக்கும் அணி தடையின்றி ஆட்டத்தைத் தொடங்கும் என்றும் விதி வந்தது. உடனே ஒரு சிக்கல். 1881-இல் பிரின்ஸ்டனும் யேலும் மோதியபோது முதல் பாதி முழுக்க ஓர் அணி பந்தை விடவே இல்லை. இரண்டாம் பாதியில் மற்ற அணி விடவில்லை. ஆட்டம் 0-0. பார்க்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். 1882-இல் புது விதி: மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேறாவிட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். இன்று அது நான்கு முயற்சி, 10 கெஜம். "நின்னு நின்னு ஆடுறான்" என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, அந்த நிற்றலின் வேர் இங்கேதான்.

1905-ஆம் ஆண்டில் ஆட்டத்தில் இறந்தவர்களும் படுகாயமடைந்தவர்களும் பெருகியதால் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. ரக்பியில் பந்தைப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறியலாம். இந்த ஒரு விதியோடு அமெரிக்கக் காற்பந்து ரக்பியை விட்டு முழுதாக விலகியது.

3. ரசிகர் எதைப் பார்க்கிறார்?

இப்போது மாமாக் கடை விவாதத்துக்குத் திரும்பினால், ஒவ்வொருவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருப்பது தெரியும்.

காற்பந்து 90 நிமிடம், 11 பேர். இடைவேளையைத் தவிர ஆட்டம் அதிகம் நிற்பதில்லை. கோல் அரிது, ஆகவே ஒரு கோலுக்கு ஊரே எழுந்து கத்துகிறது. "ஒன்றரை மணி நேரம் பார்த்து 0-0-ஆ?" என்பது மற்றவர்கள் சொல்லும் குறை.

ரக்பி ஒன்றிய ஆட்டம் 80 நிமிடம், 15 பேர். மோதல் கடுமை, ஆனால் மோதியவுடன் ஆட்டம் நிற்காது. பந்துக்கான போராட்டம் தரையிலேயே தொடரும். எல்லைக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் 5 புள்ளி. அதற்கு 'ட்ரை', அதாவது 'முயற்சி' என்று பெயர். ஏன் அந்தப் பெயர்? தொடக்கத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி ஒரு முறை உதைத்து முயலும் உரிமை மட்டுமே கிடைத்தது.

அமெரிக்கக் காற்பந்து கணக்குப்படி 60 நிமிடம். நடந்து முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து உண்மையாக ஆட்டத்தில் இருப்பது ஏறத்தாழ 11 நிமிடம்தான் என்று 2010-இல் ஓர் அமெரிக்க நாளிதழ் கணக்கிட்டது. "அப்போ மீதி நேரம் என்ன பண்றாங்க?" திட்டம் போடுகிறார்கள். அதை ரசிப்பவருக்கு அது சதுரங்கம் மாதிரி. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஊகிக்க நேரம் கிடைக்கிறது. அவர்களின் 'டச்டவுன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பந்தைத் தரையில் தொடுவது என்று பொருள். இன்றைக்குத் தரையில் தொட வேண்டிய அவசியமே இல்லை; எல்லையைத் தாண்டினால் போதும். ரக்பியிலிருந்து வந்த தழும்பு அந்தச் சொல்லில் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு காரணம் கடிகாரம். இங்கிலாந்து லீக்கின் சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டம் நமக்கு இரவு 10 அல்லது 11 மணி. மறுநாள் விடுமுறை; தே தாரிக் ஆற ஆறப் பார்க்கலாம். அமெரிக்காவின் சூப்பர் பௌல் தொடங்கும்போது இங்கே திங்கட்கிழமை காலை ஏழரை. நீங்கள் அப்போது சபைக்கூடலில் நிற்பீர்கள். எந்த ஆட்டத்தின் மீதும் பற்று வளர, அதோடு கழிக்க நேரம் வேண்டும்.

ஆனால் தொலைக்காட்சி வருவதற்கு வெகு காலம் முன்பே தோட்டத்தில் காற்பந்து வேரூன்றிவிட்டது. அதற்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

4. 1921: ஒரு கப்பல், இரண்டு கிண்ணம்

மலாயாவில் காற்பந்துக்கும் ரக்பிக்கும் ஒரே ஆண்டில், ஒரே கையால் கிண்ணம் கொடுக்கப்பட்டது என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது.

எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலை ஐக்கிய மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டி பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொடுத்தார்கள். 1916-இல் ஜட்லண்ட் கடற்போரில் அது சண்டையிட்டது. போர் முடிந்த பிறகு, 1921-இல் மலாயாவுக்கு வருகை தந்தது. மாலுமிகள் இங்குள்ள அணிகளோடு பல விளையாட்டுகளில் மோதினார்கள். விருந்தோம்பலுக்கு நன்றியாகக் கப்பலின் தளபதியும் குழுவினரும் இரண்டு கிண்ணங்களை வழங்கினார்கள்: ஒன்று காற்பந்துக்கு, ஒன்று ரக்பிக்கு.

காற்பந்தின் மலாயா கிண்ணம் 1921 ஆகஸ்டில் தொடங்கியது. சிலாங்கூர் பினாங்கை 5-1 என்று வென்றது. தொடக்கத்தில் மலாக்காவும் நெகிரி செம்பிலானும் சேர்ந்து ஒரே அணியாகக் களமிறங்கின. முதல் வெற்றியாளர் சிங்கப்பூர். 1967-இல் இதற்கு மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது.

இரண்டு கிண்ணமும் ஒரே அளவு வெள்ளிதான். ஆனால் ஒன்று சந்தைக்கும் தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் போனது. மற்றொன்று நெடுங்காலம் ஐரோப்பிய மன்றங்களின் திடலிலேயே சுற்றியது. பின்னர்தான் கோலாகங்சார் மலாய்க் கல்லூரி போன்ற விடுதிப் பள்ளிகள் வழியாகவும், படை, காவல்துறை அணிகள் வழியாகவும் உள்ளூர் மக்களிடம் பரவியது. இந்த வேறுபாட்டை விளக்குவதுதான் நம் வேலை.

5. தோட்டத்துக்குள் எது நுழைந்தது, எது நிற்கவில்லை?

மலாக்காவில் இருப்பவர்கள் இந்தக் கதையைச் சொந்த மண்ணிலிருந்தே தொடங்கலாம். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அமைத்தது. பிறகு அவர் புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய அளவில் நட்டார். தொடர்ந்து பிரிட்டிஷ் கம்பெனிகள் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரட்டு, கங்காணி, கிராணி, துரை, லயம், கள்ளுக்கடை, கோயில், தமிழ்ப்பள்ளி. இந்த வட்டத்துக்குள்தான் திடல் இருந்தது.

காற்பந்து அங்கே நிலைத்ததற்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நேரம். விடிவதற்கு முன் பெரட்டு. வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, பிற்பகலில் லயத்துக்கு வந்துவிடுவார்கள். மாலை நான்கரை, ஐந்துக்கு மேல் இருட்டும்வரை கையில் இருப்பது இரண்டு மணி நேரம். காற்பந்துக்கு அது போதும். ஆள் குறைந்தால் ஏழு ஏழு பேராக ஆடலாம், ஐந்து ஐந்து பேராகவும் ஆடலாம். ரக்பிக்கு 30 பேர் வேண்டும்.

இரண்டாவது, உடம்பு. தோட்டத்துக்காரனுக்கு உடம்பே மூலதனம். தோள்பட்டை இறங்கினால் மறுநாள் கத்தி பிடிக்க முடியாது. மரம் வெட்டாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளி கேட்ட அதே கேள்வி இங்கேயும் நிற்கிறது: கூலியை யார் ஈடுகட்டுவது? மாதச் சம்பளம் வாங்கும் சின்ன துரைக்கு ஒரு வாரம் கை கட்டுப் போட்டாலும் கணக்கில் குறையாது. மோதல் ஆட்டம் அவருக்குக் கட்டுப்படியாகும்.

மூன்றாவது, செலவு. ஒரு பந்து போதும். வெறுங்காலில் ஆடலாம். கோல் கம்பத்துக்குக் கட்டை, கோட்டுக்குச் சுண்ணாம்பு. அமெரிக்க ஆட்டத்துக்கு வேண்டிய தலைக்கவசமும் தோள்காப்பும் பிற்காலத்தில்கூட யாருக்கும் எட்டாத பொருள்.

நான்காவது, தகுதி வேலி. ரக்பி ஆடும் இடம் மன்றம். மன்றத்துக்குள் தோட்டத் தொழிலாளி சமையற்காரராகவோ தோட்டக்காரராகவோ போகலாம். உறுப்பினராகப் போக முடியாது. காற்பந்தில் இந்த வேலி தாழ்வாக இருந்தது. துரையே தோட்ட அணிக்குப் பந்தும் சட்டையும் வாங்கித் தருவதுண்டு. இதில் நல்லெண்ணம் மட்டும் இருந்ததாக எழுதிவிடாதீர்கள். மாலையில் திடலில் இருப்பவன் கள்ளுக்கடையிலோ கூட்டத்திலோ இருக்க மாட்டான் என்ற கணக்கும் நிர்வாகத்துக்கு உண்டு. ஆனால் திடலில் கூடியவர்கள் நிர்வாகம் நினைத்ததற்கு மேலேயும் பெற்றார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களை அறிந்தார்கள். தாங்களே அணி நடத்தவும், கணக்கு வைக்கவும், நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையாகப் பேசவும் கற்றுக்கொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது ஆண்களின் திடல். அதே நிரையில் அதே எண்ணிக்கை மரம் வெட்டிய பெண்களுக்கு மாலை என்பது தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். 'தோட்ட மக்களின் விளையாட்டு' என்று எழுதும்போது யாருக்கு ஓய்வு கிடைத்தது என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்.

6. ஒப்பிட்டுப் பார்க்க: கல்கத்தாவும் இலங்கையும்

ஒரு காரணம் சரியா என்று சோதிக்க வேறு இடத்தோடு ஒப்பிட வேண்டும்.

கல்கத்தாவில் 1873-இல் பிரிட்டிஷார் ரக்பி மன்றம் தொடங்கினார்கள். ஆடிக்கொண்டிருந்த படைப்பிரிவு ஊரை விட்டுப் போனதும், மற்றவர்கள் போலோ, டென்னிஸ் பக்கம் சாய்ந்ததும், மன்றம் படுத்துவிட்டது. வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் ரக்பியில் மோதும் கல்கத்தா கிண்ணம் அதுதான். அதே நகரில் காற்பந்தின் கதை வேறு. 1911 ஜூலை 29-ஆம் நாள், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. ஊர் மக்கள் ஆடாத ஆட்டம் உருக்கிய வெள்ளியாகக் கப்பலேறியது. அவர்கள் ஆடிய ஆட்டம் ஆள்பவனைத் தோற்கடிக்கும் வழியானது.

இலங்கை இன்னொரு பாடம். அங்கே மலைநாட்டுத் தோட்டத் துரைமார் ரக்பி ஆடினார்கள். திம்புலை, டிக்கோயா மன்றங்கள் பேர் பெற்றவை. அதே மலையில் லயத்தில் இருந்த தமிழருக்கு அந்த ஆட்டம் எட்டவில்லை. ஆனால் கொழும்பு, கண்டிப் பள்ளிகள் ரக்பியைக் கையில் எடுத்தன. கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையே 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடயப் போட்டிக்கு இன்றும் பெருங்கூட்டம் வருகிறது. ஆக, ரக்பி 'வெள்ளைக்காரன் ஆட்டம்' என்பதால் மட்டும் தோற்கவில்லை. பள்ளி அதை எடுத்துக்கொண்ட இடத்தில் அது உள்ளூர் ஆட்டமாகிவிட்டது. நம் நாட்டிலும் விடுதிப் பள்ளிகள் வழியாக அது நிலைத்தது. அணிக்கு 10 பேர் ஆடும் ரக்பி வகையே 1967-இல் பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா மன்றம் நடத்திய போட்டியில்தான் பிறந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

அமெரிக்கக் காற்பந்தைப் பணத்தைக் கொட்டி நட்டுப் பார்த்த முயற்சியும் உண்டு. இந்தியாவில் 2012-இல் அதற்கென ஒரு லீக் தொடங்கினார்கள். கொழும்பு அணியும் அதில் இருந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். கிரிக்கெட் மண்ணில் அது வேர் பிடிக்கவில்லை. இப்போது கவசமும் மோதலும் இல்லாத 'கொடிக் காற்பந்து' 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. செலவையும் காயத்தையும் குறைத்தால்தான் ஓர் ஆட்டம் பரவும் என்பதை அமெரிக்கர்களும் கண்டுகொண்டார்கள் போலும்.

7. திடலிலிருந்து தேசிய அணிக்கு

1972 மியூனிக் ஒலிம்பிக். மலேசியா தகுதி பெற்று ஆடிய ஒரே ஒலிம்பிக் காற்பந்து அது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றோம். நடுவில் ஓர் ஆட்டம்: மலேசியா 3, அமெரிக்கா 0. 'ஃபுட்பால்' என்ற பெயரையே தன்னுடையதாக்கிக்கொண்ட நாட்டை அந்தப் பெயருக்குரிய உலக ஆட்டத்தில் நாம் வென்றோம். அந்த அணியில் எம். சந்திரன் இருந்தார், மலாக்காவில் பிறந்த சோ சின் அவுன் இருந்தார்.

1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடியும் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வாங்கியவர். ஆனால் மாஸ்கோ ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அவர்கள் போகவே இல்லை. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். 2016-இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த 1980 அணியைத் தழுவியது. அதில் வரும் தமிழ்க் கோல்காவலரைப் பார்த்து நம் பிள்ளைகள் பலர் முதன்முறையாக ஆறுமுகத்தைத் தேடிப் படித்தார்கள். 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாகப் பெற்றது.

8. திடல் போனால் என்ன போகும்?

இனி நம் காலத்துக்கு வருவோம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்கு நகரத்துக்குப் போனார்கள், லயம் காலியானது. லயத்தோடு திடலும் போனது. சில இடங்களில் அது செம்பனை நிரையாகிவிட்டது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைத்த மாலைத் திடலுக்குப் பதில் இப்போது மணிக்குக் கட்டணம் வாங்கும் ஃபுட்சால் கூடம் இருக்கிறது.

முன்பு ஆடியதால் ரசிகரானோம். இப்போது பார்ப்பதால் ரசிகராகிறோம். ஆயிரம் மைல் தாண்டியிருக்கும் இங்கிலாந்து அணியின் 11 பேரையும் ஒப்பிக்கும் மாணவனுக்குத் தன் தாத்தாவின் தோட்ட அணியில் ஒருவர் பெயரும் தெரியாது. அந்த அணிகளைப் பற்றி அச்சில் இருப்பது மிகக் குறைவு. இருப்பதெல்லாம் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் நினைவில். ஒவ்வோர் ஆண்டும் அந்த நினைவில் கொஞ்சம் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

9. வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, இந்தப் பகுதியை உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளுக்கு எளிதாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி 1: 1921-இல் இரண்டு ஆட்டத்துக்கும் கிண்ணம் கிடைத்தும் காற்பந்து மட்டும் தோட்டத்தில் பரவியதற்கு மூன்று காரணங்களை விளக்குக. மாணவர்கள் "காற்பந்து சுவாரசியமானது" என்று எழுதினால் புள்ளி கொடுக்காதீர்கள். அது சுவை, காரணம் அல்ல. வேலை நேரம், கூலி, செலவு, மன்ற உறுப்பினர் தகுதி ஆகியவற்றை எழுத வைக்கவும்.

கேள்வி 2: "1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் பந்தைக் கையில் எடுத்து ஓடியதால் ரக்பி பிறந்தது." இக்கூற்றை மதிப்பிடுக. இது சான்று ஆய்வுக்கு அருமையான எடுத்துக்காட்டு. இந்தக் கதையை முதன்முதலில் எழுதியவர் மேத்யூ பிளாக்சம், ஆண்டு 1876. அவர் நேரில் பார்த்தவர் அல்லர். எல்லிஸும் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் ரக்பி உலகக் கிண்ணத்துக்கு எல்லிஸ் பெயர்தான். ஒரு கதை பரவலாக நம்பப்படுவது வேறு, சான்றால் நிலைநாட்டப்படுவது வேறு என்பதை மாணவர்கள் இதில் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி 3: கல்கத்தா, இலங்கை, மலாயா மூன்றிலும் ரக்பியின் நிலையை ஒப்பிடுக. விடையின் மையம்: ஓர் ஆட்டத்தை எந்த நிறுவனம் சுமந்தது? படைப்பிரிவா, பள்ளியா, மன்றமா?

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஆண்டுகள்: 1863 காற்பந்துச் சங்கம், 1871 ரக்பி ஒன்றியம், 1895 ரக்பி லீக் பிரிவு, 1906 அமெரிக்காவில் முன்னோக்கி எறியும் விதி, 1921 மலாயா கிண்ணம், 1967 மலேசியக் கிண்ணம் என்ற பெயர் மாற்றம்.

ஒப்படைப்புக்கு ஒரு பரிந்துரை. ஒவ்வொரு மாணவரும் தன் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ தோட்ட அணியில் ஆடிய ஒருவரைச் சந்தித்துக் குரலைப் பதிவு செய்யட்டும். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள்: பந்து யார் வாங்கினது? பூட்ஸ் இருந்துச்சா? கோல் கம்பம் எதுல செஞ்சீங்க? அடிபட்டா மறுநாள் வேலைக்கு என்ன பண்ணீங்க? துரை ஆட வருவாரா, பார்க்க வருவாரா? பாட்டி அப்போ எங்க இருந்தாங்க? திடல் இருந்த இடத்துல இப்போ என்ன இருக்கு?

ஆண்டைச் சரிபார்க்கப் பழைய நிழற்படம், பள்ளி நிகழ்வுப் பதிவேடு, கோயில் திருவிழா அறிக்கை, வீட்டு அலமாரியில் தூசி படிந்த கோப்பை ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எது நம்பத்தக்கது, ஏன் என்று ஒரு பத்தி எழுதட்டும். வரலாற்றுத் தாளில் கேட்கப்படும் திறனும் அதுதான்.

வரும் பள்ளி விடுமுறைக்குள் இதைத் தொடங்கினால் நல்லது. சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.